அடுத்த விசில் வரை

பகடை உருண்டு நின்றது. ஒன்று.

போச்சு. அரக்கன் வைத்தியனைக் கைக்குள் வாரிப் பிடித்துவிட்டான். இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினால் ஆள் காலி.

கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். அரக்கனும் அவன் கற்பனையில் பெற்ற பிள்ளைதான். ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறான். ஆனாலும் சாதிக்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வைத்தியன், கதைக்குள் சாதிக் ஆடும் ஆள். ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவன் கட்டிக் காப்பாற்றி வந்த ஆள். செத்துப்போனால் அந்த ஆளின் பேரும் பலமும் எழுதிய தாளைக் கிழித்துப் போட வேண்டும். இந்த மேசையின் வழக்கம் அது.

சாதிக் தாளைக் கையில் எடுத்துவிட்டான். காகிதத்தில் இருக்கும் ஒரு கிழவனுக்காக யாராவது கண் கலங்குவார்களா?

கலங்கினான்.

"இரு, இரு!" ரெஜினா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என் மந்திரம் இன்னும் மிச்சம் இருக்கு."

இருந்தது. மூடிக் கிடக்கும் எதையும் ஒரு ஆட்டத்தில் ஒருமுறை திறக்கலாம். ஆட்டத்தை நடத்துகிறவனே எழுதிக் கொடுத்த ஒற்றை வரி. கதவு, பெட்டி, மிஞ்சிப்போனால் கிணற்று மூடி என்று நினைத்துத்தான் எழுதினான். கோட்டைக் கதவுக்காக அவள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"கதவு கிடக்கட்டும். அரக்கன் கை மூடித்தானே இருக்கு?"

அடிப்பாவி!

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் பிள்ளைக்கு எமன் வந்து நிற்கிறான், அதற்குப் போய் இவ்வளவு சந்தோஷம்.

ஆனால் முடியாது என்று சும்மா சொல்லிவிட முடியாது. காரணம் சொல்ல வேண்டும். அதுவும் குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள். சொல்லாவிட்டால் கேட்டது கேட்டபடி நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்குவாதம் முற்றி, சோறு குழைந்துபோய், அதில் பிறந்த சட்டம் அது.

சமையலறையில் குக்கர் சீறத் தொடங்கியது.

யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் அந்த முதலை நினைவுக்கு வந்தது.

போன மழைக்காலத்து ஆட்டம். ஒரு படகோட்டியை முதலை கவ்விக்கொண்டது. இதே ரெஜினா அதன் வாயைத் திறக்கப் பார்த்தாள். உயிருள்ளதன்மேல் இந்த மந்திரம் செல்லாது என்று அவன்தான் அடித்துச் சொன்னான். மாய்ந்து மாய்ந்து வாதாடினாள், மசியவில்லை. படகோட்டி போய்ச் சேர்ந்தான்.

முதலைக்குச் செல்லாதது அரக்கனுக்கு மட்டும் எப்படிச் செல்லும்?

கிடைத்துவிட்டது. யாராலும் அசைக்க முடியாத காரணம். வாயைத் திறந்தான்.

சாதிக்கின் விரல்கள் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

வாயை மூடிக்கொண்டான்.

குக்கர் சீறிக்கொண்டே இருந்தது. சனியனே, அடித்துத் தொலையேன்!

அடித்தது.

சாதிக் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருப்பார். அரக்கனின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிவதைக் கதை சொல்கிறவனே தன் கையை விரித்துக் காட்டிச் சொன்னான். வைத்தியன் விழுந்தான், எழுந்தான், ஓடினான்.

சாதிக்கும் ஓடினான், அடுப்பை அணைக்க.

ரெஜினா கீழே விழுந்த பகடையைப் பொறுக்கினாள். நிமிராமலே மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு முதலை ஞாபகம் வரலையா?"

"எந்த முதலை?" என்றான்.