இரண்டே ஸ்பூன்

சமையலறை ஜன்னலோரம் கோதுமைப்புல் வளரும் தட்டின்மேல் காலை வெயில் விழுகிறது. தையல்காரர் வேரில் பூஞ்சை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, நூல் வெட்டும் கத்தரியால் ஒரு பிடி நறுக்கி அரைக்கிறார். நேற்று ஒரு டம்ளர் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காய்ச்சலில் இளைத்த அவர் மனைவி குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். "இன்னிக்கும் அந்தக் கண்றாவியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "தப்பு என்மேலதாம்மா. எடுத்த எடுப்புல அவ்வளவு குடுத்திருக்கக் கூடாது. இன்னிக்கு ரெண்டே ஸ்பூன், ஆப்பிள் ஜூஸ்ல கலந்திருக்கேன்." முதலில் தானே ஒரு வாய் குடிக்கிறார், முகம் அஷ்டகோணலாகிறது. படுத்த நாளிலிருந்து சிரிக்காதவள் சிரித்துவிடுகிறாள். பிறகு டம்ளரை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறாள். வயிற்றில் கைவைத்துக் காத்திருக்கிறாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குமட்டல் வரவில்லை. "பசிக்குதுங்க" என்கிறாள்.