முடிந்தது என்றது திரை

“விடுங்க அண்ணி! காப்பி ஆயிடுச்சுன்னு திரையிலயே காட்டுதே!”

பென்டிரைவைப் பிடுங்கப்போன கீர்த்தியின் கையைத் தட்டிவிட்டாள் அண்ணி தாட்சாயணி.

பத்து மணிக்கு நகரியிலிருந்து பஸ். மதியம் ஒரு மணிக்குள் திருப்பதியில் குறும்படத்தைக் கொடுத்தாக வேண்டும். ஜெயித்தால் ஹைதராபாத்தில் மூன்று மாத எடிட்டிங் பயிற்சி. நாத்தனார், அண்ணி இருவருமே போட்டியில். இரண்டு படமும் ஒரே பென்டிரைவில்.

இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்தான் வருமாம். பழைய யுபிஎஸ் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

“காட்டும். ஆனா படம் இன்னும் கம்ப்யூட்டர் மெமரியிலதான் கீது,” என்றாள் தாட்சாயணி. கல்யாணத்துக்கு முன் புத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். “வாங்கி வெச்சிக்கினு ‘முடிஞ்சுது’ன்னு நம்மகிட்ட சொல்லிடும். அப்புறம்தான் மெதுவா பென்டிரைவுல எழுதும். லைட்டு மின்னுது பாரு. இப்பப் புடுங்கினா எல்லாம் காலி.”

பீப் சத்தம் வேகமெடுத்தது.

“ஐயோ, அணையப்போவுது அண்ணி!”

“ரெண்டும் எழுதி முடிக்கிற வரைக்கும் இது தாங்காது...” முணுமுணுத்த தாட்சாயணி, திரையை மறைத்தபடி குனிந்து சட்டென்று பென்டிரைவிலிருந்து ஒரு ஃபைலை அழித்தாள்.

கீர்த்தி எட்டிப் பார்த்தாள். இரண்டு வரி இருந்த இடத்தில் ஒரு வரி! பெயரை அண்ணியின் தோள் மறைத்தது.

“எதை அழிச்சீங்க? அண்ணி, எதை?”

லைட் மின்னுவது நின்றது. தாட்சாயணி பென்டிரைவை உருவவும் கம்ப்யூட்டர் அணையவும் சரியாக இருந்தது.

“ஓடு, பஸ்ஸைப் புடி!”

“நீங்க வரல?”

“எனக்கு வேலை கீது. நிக்காத, ஓடு!”

பஸ்ஸில் ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான் கீர்த்திக்கு உறைத்தது. உடனே அண்ணன் சுதீருக்கு போன் போட்டாள்.

“அண்ணா, உன் பொண்டாட்டி என் படத்தை அழிச்சிட்டு, அவங்க படத்தை என் கையிலயே குடுத்தனுப்பிக்கீறாங்க! இனிமே அவங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்!”

புத்தூர் தாண்டும்போது பென்டிரைவை ஜன்னல் வழியே வீசிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ‘சீ, அவங்க புத்தி எனக்கு எதுக்கு?’ என்று அடக்கிக்கொண்டாள்.

திருப்பதியில் அரங்கத்துக்குள் ஓடி நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பதிவு மேசையிலிருந்த ஹரிபாபு பென்டிரைவைச் செருகிப் பார்த்தான்.

“ஒக்கடே ஃபைல் உந்தி மேடம், ஒண்ணுதான். லிஸ்ட்ல ரெண்டு பேரு இருக்கே?”

“தெரியும்.” கீர்த்தி தலையை நிமிர்த்திக்கொண்டாள். “தாட்சாயணின்னு இருக்கும். பதிஞ்சுக்குங்க.”

“லேதே! கீர்த்தின்னுதானே இருக்கு?”

அவன் படத்தைத் தட்டினான். திரையில் ரயில்வே கேட் மெல்ல உயர்ந்தது. அவள் எடுத்த முதல் காட்சி. ஒரு நொடிகூடக் குறையாமல் முழுசாக ஓடியது.

வீட்டுக்கு போன் போட்டாள். அண்ணி எடுத்ததும் விசும்பினாள்.

“அழாத கீர்த்தி!” என்று அந்தப் பக்கம் பதறினாள் அண்ணி. “உன் படம் ஓடுச்சா இல்லியா, மொதல்ல அதைச் சொல்லு!”