மண் படாத ஸ்டெப்னி

சீட்டாடக் கோட்டையூருக்குக் கிளம்பிய வயிரவனின் பழைய ஜீப், நண்பர் மெய்யநாதன் வீட்டு வாசலிலேயே பஞ்சராகி நின்றது; மாற்று டயரும் இல்லை.

"என் ஜீப்பு ஸ்டெப்னியக் கழட்டி மாட்டிக்க," என்றார் மெய்யநாதன்.

"அய்யய்யோ, ஒங்கப்பச்சி காலத்து ஒரிஜினல் டயராச்சே! மண்ணுலயே படாம, ஆயுத பூசைக்குப் பொட்டு மட்டும் வாங்குனதாச்சே!"

"இருக்கட்டும்ப்பா. அவசரத்துக்கு ஒதவாத டயரு எதுக்கு?"

வயிரவன் நெகிழ்ந்துபோனார்.

மெய்யநாதனின் மனைவி தேனம்மை ஸ்பேனரைக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள்.

"போன ஆவணியில நாட்டரசன்கோட்டைக்குப் போறப்ப நம்ம ஜீப்பு பஞ்சராச்சே. அன்னைக்கு இதத் தொடவே கூடாதுன்னீக."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. பஸ் பிடிச்சு நான் போய் எறங்குறதுக்குள்ள, என்னப் பெத்த அப்பச்சி கண்ண மூடிட்டாக."