கடைசி ஓட்டம்

காலையில் விசிலை வெந்நீரில் கழுவினான். நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுக் கல்லூரி மைதானத்துக்குக் கிளம்பினான். உடற்கல்வி இயக்குநர் அருள்தாஸுக்கு பிப்ரவரி, மார்ச் முழுக்கப் போட்டிகள். மனைவி பெனிட்டா இறந்த பின் வந்த இந்த சீசனில், அடுத்த கல்லூரிக்காரர்களின் போட்டிகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்தினான். இன்று கடைசி ஓட்டம்.

“செட்!”

ஓடுகிறவர்கள் இடுப்பை உயர்த்தினார்கள். அவன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தான். விரல் விசையை அழுத்தவில்லை.

“சார், சுடுங்க சார்! தொடை இழுக்கு!”

“பி.டி. சாரு தூங்கிட்டாரு போலுக்கு மக்கா.”

எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னான். மறுபடியும் குனியச் சொன்னான். போன வருடம் இதே கோட்டருகே நின்றிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து பெனிட்டா கடைசியாகப் போனில் பேசினாள். அவள் சொன்னபடியே ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

“கடைசி ரேஸையும் முடிச்சிட்டே வாங்க. நான் முழிச்சிருக்கேன்.”