ஊமை மாமா

“பொழுது அடையுத வரைக்கும் நான் கருப்பையா, உனக்குச் சித்தப்பா. சாவந்த் உன் ஊமை மாமா. மறந்துராதல,” என்றார் கரீம் பாட்சா, நெற்றியில் திருநீற்றை இழுத்துவிட்டபடி.

வேலுச்சாமி தலையாட்டினான். அவனுக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. தீயணைப்பு நிலையம்தான் வீடு, கூட வேலை பார்ப்பவர்கள்தான் உறவு. எரிந்துகொண்டிருந்த பஞ்சுக் கிடங்கிலிருந்து ஒருமுறை அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர் கரீம் பாட்சா. அன்றிலிருந்து அவன் அவருக்குப் பிள்ளை. பிள்ளைக்காக ஒருநாள் திருநீறு பூசினால் அல்லாஹ் கோபிக்க மாட்டான் என்று திடமாக நம்பினார்.

தாராவிக் குழாயடியில் தங்கத்தாயைப் பார்த்த நாளிலிருந்து வேலுச்சாமி ஒரு நிலையில் இல்லை. ஏணியில் ஏறச் சொன்னால் இறங்கினான். கட்டினால் அவளைத்தான் என்று நின்றான். விசாரிக்கப் போன தரகரோ தலையில் குண்டைப் போட்டார்.

“தீயணைப்புக்காரனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு முடிவாச் சொல்லிட்டாவ.”

கரீம் பாட்சாவுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் துறைமுகத் தீயில் அவருடைய கூட்டாளிகளே நான்கு பேர் போய்விட்டார்கள். நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் வேலுச்சாமியைப் பொய்க்குக் குர்லா பட்டறை ஃபிட்டர் ஆக்கினார். நிலையத்தில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் இல்லை. தன்னை விட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போவதா என்று மராட்டிக்காரன் சாவந்த் சண்டைக்கு வந்ததால் அவனை ஊமையாக்க வேண்டியதாயிற்று.

பெண் வீட்டு வாசலில் செருப்புகள் எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக நின்றன. ஒழுங்கான குடும்பம் என்று கரீம் பாட்சா மெச்சிக்கொண்டார். இவர்களும் நிலையத்து வழக்கம்போல அப்படியே கழற்றி விட்டார்கள்.

பெண்ணின் பெரியப்பா நயினார் வரவேற்றார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, இப்போது தாங்கள்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த தடித்த மனிதரைப் பெண்ணின் தாய்மாமன் என்று காட்டி, “அவருக்குப் பேச்சு வராது,” என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு.

கரீம் பாட்சாவுக்கு உயிர் வந்தது. இரண்டு ஊமைகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

தங்கத்தாய் அல்வாவும் காராசேவும் கொண்டுவந்து வைத்தாள். வேலுச்சாமி காராசேவை அல்வாவில் தோய்த்துத் தின்றான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“மாப்பிள்ளைக்கு ஆபத்தில்லாத வேலைதானே?” என்று கேட்டார் நயினார். அவர் பார்வை தங்கத்தாய் போன பக்கம் போனது.

“சுத்தியல் வெரல்ல விழுந்தாத்தான் உண்டு,” என்றார் கரீம் பாட்சா. இப்படிப்பட்ட மனிதரிடம் பொய் சொல்ல நேர்ந்ததே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

தட்டு மாற்ற நாள் பார்க்கலாம் என்று நயினார் வாயெடுத்தார். அப்போது தெருவில் டணடணவென்று மணி அடித்தபடி தீயணைப்பு வண்டி ஓடியது. பின்பக்கம் தோல் கிடங்குப் பக்கமிருந்து கரும்புகை எழுந்தது.

வேலுச்சாமியின் தொடை துடித்தது. கரீம் பாட்சா அதை அழுத்திப் பிடித்தார். அவருடைய கால்களே தரையில் நிற்கவில்லை. வாயைத் திறந்தாயோ தொலைந்தாய் என்று சாவந்தைப் பார்த்து முறைத்தார். சாவந்த் உதட்டைக் கடித்துக்கொண்டு சிலையாக இருந்தான்.

“ஆக் லாக்லி! சலா, சலா!” தீப்பிடித்துவிட்டது, கிளம்புங்கள் என்று சுத்தமான மராட்டியில் கத்திக்கொண்டு துள்ளி எழுந்தார் பெண்ணின் ஊமைத் தாய்மாமன்.

நயினார் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் மூவரும் தம்மையறியாமல் அவருக்குச் சமமாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“தங்கத்தாயோட அப்பன் எங்க ஸ்டேஷன் ஆளுதான், துறைமுகத் தீயில போயிட்டான். அதான் இந்த வேலை பாக்குதவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு இருந்தோம்,” என்று மூச்சிரைத்தபடியே கரீம் பாட்சாவைத் திரும்பிப் பார்த்தார் நயினார். “நீங்க எந்த ஸ்டேஷன், சம்பந்தி?”