பூத்த காராமணி

வீட்டை விற்க அண்ணியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அண்ணன் கண்ணை மூடியதிலிருந்து பிடிகொடுக்காதவள், இன்று தோட்டத்தில் பூத்து நின்ற காராமணிச் செடிகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“ஒருவழியா மனசு மாறிட்டீங்களே அண்ணி! ஆசையா வளர்த்த செடியாச்சே, காய்க்கிற வரைக்குமாவது விட்டிருக்கலாம்.”

“காய்ச்சா சத்தெல்லாம் காய்க்குப் போயிடும் தம்பி.” வெட்டியதைக் குழியில் தள்ளி மண்ணால் மூடினாள்.

“வாங்கறவர் வாசல்லயே நிக்கிறார். இந்தாங்க பேனா.”

“அதைப் பையில வைங்க. பூக்கிறப்போ புதைச்சாத்தான் காராமணி மண்ணுக்கு நல்ல உரம். இது மக்கினதும் இங்கே கத்தரி வைக்கப்போறேன்.”

மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள்.

“சும்மாதானே நிக்கிறீங்க, அந்த ஓரத்தைக் கொத்துங்க.”