தட்டில் மிச்சமிருந்தது

சீஸ் தொழிற்சாலை மேலாளர், பதவி உயர்வு கேட்டு வந்திருந்த பேக்கிங் பிரிவுக்காரி பக்கம் தட்டை நகர்த்தினார். அதில் வெள்ளைப் பூஞ்சை பூத்த மெத்தென்ற சீஸும், மஞ்சள் நிறக் கெட்டி சீஸும் இருந்தன.

“சூப்பர்வைசர் ஆகணும்னா ருசி பார்க்கத் தெரியணும். எடுத்துக்கம்மா.”

அவள் மஞ்சள் துண்டு ஒன்றை வாயில் போட்டாள். சப்புக்கொட்டிக்கொண்டு இன்னொன்றும் எடுத்தாள்.

மேலாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“போன தடவை வந்த பொண்ணு தட்டையே தொடலை. மாசமா இருக்கிறவங்கதான் சீஸைத் தொட மாட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு, கழட்டிவிட்டுட்டேன். வேலையக் கொடுத்த கையோட லீவு கேட்டா யாரு மாரடிக்கிறது?”

“அவ என் தங்கச்சி சார். விவரம் தெரியாமப் பயந்துட்டா.”

ஆணையைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்தவள், அதிலிருந்து வேறொரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பிரசவ விடுப்பு விண்ணப்பம்.

“சீஸ் சாப்பிட்டியே!” மேலாளர் அலறினார்.

“கெட்டி சீஸ் தாராளமாச் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பூஞ்சை பூத்த இந்த மெத்து சீஸைத்தான் தொடக் கூடாதாம். சீஸ் கம்பெனி நடத்துறீங்க, இதுகூடத் தெரியலையே சார்!”

அவள் தட்டை அவர் பக்கமே தள்ளினாள்.

“மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க. உங்க வேலைக்கு ஒரு ஆபத்தும் வராது.”